இலங்கை ட்ரெக்கிங்கும் எங்க அம்மாச்சியும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம். இன்னைக்குத்தான் ஒரு பில்ட் ஓடி முடியுற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க நேரம் கிடைச்சது. ரெண்டு மூணு பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க, "இலங்கை போறேன்னு சொன்னியே, என்னாச்சு"ன்னு. அதுக்கான பதில்தான் இது. இன்னும் போகலை. ஆனா போடுற பிளானே ஒரு பதிவு நீளத்துக்கு வந்திருச்சு.

முதல்ல எங்க ஊரைப் பத்திச் சொல்லிடறேன். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவுல, திருத்தங்கல் பக்கம். கரிசல் பூமி. மழை பெஞ்சா செருப்புல ரெண்டு கிலோ மண் ஒட்டும், காய்ஞ்சா கால் நுழையுற அளவுக்கு வெடிக்கும். இந்தக் காய்ச்சல்தான் எங்க ஊருக்குச் சோறு போட்டுச்சு. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து இங்கே ஆரம்பிச்சதுக்கு, விவசாயம் கைகொடுக்காத நிலமும் தீக்குச்சியும் காகிதமும் சட்டுனு உலருற வெயிலும்தான் துணை. அப்படிப்பட்ட ஊர்ல பொறந்தவனுக்குப் பச்சையா ஒரு மலையைப் பார்த்தா வாய் தானா திறந்துக்கும். சீமைக்கருவேலம் தவிர வேற பச்சையைப் பார்க்க நாங்க ராஜபாளையம் தாண்டணும்.

காலேஜ்ல ஒண்ணாப் படிச்ச நாலு பேரு. எல்லாரும் பொட்டி தட்டுறவங்க. நாலு பேருக்கும் தொப்பை, அதுல ரெண்டு பேருக்கு முதுகுவலி. போன வருஷம் (2025) செப்டம்பர்ல ஒரு ராத்திரி புரோட்டாக் கடையில முடிவு பண்ணினோம். இந்தத் தடவை ரிசார்ட்ல படுத்து எந்திரிச்சு வர்ற டூர் கிடையாது. உடம்பு வலிக்கிற டூர்தான். (எண்ணெய் புரோட்டா நாலாவது செட் உள்ளே போய்க்கிட்டிருக்கும்போது எடுத்த முடிவு.) மதுரையில ஏறினா ஒரு மணி நேரத்துல கொழும்பு. நவம்பர் கடைசி வாரம் தேங்க்ஸ்கிவிங், கிளையண்ட் எல்லாம் வான்கோழி சாப்பிடப் போயிருவான், யாரும் தேட மாட்டான். பக்காவா இருந்துச்சு.

எக்ஸெல் ஷீட்டும் ரெடி. முதல் நாள் கித்துல்கல, களனி ஆத்துல ராஃப்டிங். அங்கேருந்து மஸ்கெலியா வழியா நல்லதண்ணி. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏற ஆரம்பிச்சு, விடியறதுக்குள்ள சிவனொளிபாதமலை உச்சி. 2,243 மீட்டர், கூடக்குறைய 5,500 படி. அப்புறம் ரயில்ல அப்புத்தளை. லிப்டன் சீட். ஹோர்ட்டன் சமவெளியில 'உலக முடிவு', கீழே கிட்டத்தட்ட 870 மீட்டர் செங்குத்தா இறங்குற பாறை விளிம்பு. கடைசியா எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், ஜிப்லைன், திரும்பி வர வேண்டியதுதான். நடுவுல ரெண்டு நாள் பீக்கோ ட்ரெயில்.

அது என்னன்னு தெரியாதவங்களுக்கு: கண்டி ஹந்தானையில தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்லன்னு சுத்தி நுவரெலியாவுல முடியுற நடைபாதை. 300 கிலோமீட்டருக்கு மேல, 22 துண்டாப் பிரிச்சு வச்சிருக்காங்க. புதுசா வெட்டின பாதை இல்லை. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து தேயிலையை ஃபேக்டரிக்கும் ரயிலடிக்கும் கொண்டுபோன பழைய தோட்டத்து வழிகளைத்தான் சேர்த்திருக்காங்க. ஆளுக்கு ஒரு துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வாட்ஸப்ல அடிதடியே நடந்துச்சு.

இதெல்லாம் தீபாவளிக்கு ஊருக்குப் போகுற வரைக்கும்.

எங்க அம்மாச்சிக்கு 78 வயசு. எங்க கூடத்தான் இருக்காங்க. அவங்க "கண்டிச் சீமையில" பொறந்தவங்கன்னு சின்ன வயசுலேருந்து தெரியும். ஆனா அது 'தாத்தா பட்டாளத்துல இருந்தார்' மாதிரி, வீட்டுல சொல்ற ஒரு வரி. அதுக்கு மேல நான் கேட்டதும் இல்லை, அவங்க சொன்னதும் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு ஃபோன்ல நண்பன்கிட்ட ஊர்ப்பேரை எல்லாம் படிச்சுக்கிட்டிருந்தேன். அம்மாச்சி முறத்துல உளுந்து புடைச்சுக்கிட்டிருந்தாங்க. அப்புத்தளைன்னு சொன்னதும் முறம் நின்னுருச்சு.

"அங்க எதுக்குய்யா போற?"

"நடக்க, அம்மாச்சி."

"எங்கிட்டு நடந்து போற?"

"சும்மா நடக்கத்தான். மலை ஏற."

"சும்மா நடக்கவா?" கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "மலை ஏறணும்னா இந்தா கெடக்கு சதுரகிரி. அம்மாவாசைக்குப் போயிட்டு வா. காசு குடுத்துக் கப்பலேறிப் போய் மலை ஏறுவாகளா?"

பீக்கோ ட்ரெயில்னு விளக்கினேன். "பீக்கோன்னா தூள் பேரு. பெட்டியில பி.ஓ.பி.ன்னு அச்சடிச்சு வரும்"னாங்க. எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், அந்த பி-யும் இந்த பீக்கோவும் ஒண்ணுன்னு. ஷீட்டைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. ஒவ்வொரு வரியா வாசிச்சேன். எங்க டீம்ல ஆர்க்கிடெக்ட் ரிவ்யூ பண்றது எல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை.

முதல் அடி தேதிக்கு. "ஐப்பசி கார்த்திகையில அப்புத்தளைப் பக்கம் எவனும் மலை ஏற மாட்டான். வாடை மழை. மண்ணு இளகிக் கெடக்கும். போகாதே." நான் கூகுள் பண்ணினேன், சரியாத்தான் இருந்துச்சு. மே முதல் செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை அட்டன், நல்லதண்ணி பக்கத்தை நனைக்கும். அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கத்தைப் பிடிக்கும். ரெண்டு பக்கமும் தோதா இருக்கிறது பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரைக்கும்தான். தவிர சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலமே டிசம்பர் பௌர்ணமியிலேருந்து மே மாசப் பௌர்ணமி வரைக்கும். நவம்பர்ல போயிருந்தா படியில விளக்கும் இல்லை, டீக்கடையும் இல்லை. ஏழு யூடியூப் வீடியோ பார்த்து இதை நான் கவனிக்கலை.

அம்மாச்சி அதோட விடலை. "அட்டை ஏறும். சவுக்காரத்தை முழங்கால் வரைக்கும் தேச்சுக்க, பிச்சு எடுக்காத, உப்பு வையி." "காலையில ஒம்போது மணிக்குள்ள பார்க்குறதப் பார்த்துரணும். அப்புறம் மூடுபனி கூடிரும், மாடு பக்கத்துல நின்னாலும் தெரியாது." ஹோர்ட்டன் சமவெளி பத்தி எல்லா சைட்டுலயும் இதேதான் போட்டிருக்கு, மாடு மட்டும் இல்லை. (அங்கே போறவங்களுக்கு: வாசல்லயே பிளாஸ்டிக் பையை எல்லாம் வாங்கி வச்சுக்குவாங்க. தின்பண்டத்தை டப்பாவுல எடுத்துக்கிட்டுப் போங்க.) "எறங்கும்போது குதிகால ஊனி எறங்கு. ஏறுறதுல எவனுக்கும் கால் போகாது, எறங்கும்போதுதான் போகும்."

எப்படித் தெரியும்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சொன்னாங்க.

காலையில ஆறரைக்கெல்லாம் பிரட்டு. அதாவது ஆள் எண்ணிக்கை எடுத்து இன்னார் இந்த மலைன்னு பிரிச்சு விடுறது. இடுப்புல படங்குச் சாக்கு, தலையில கயித்தைப் போட்டுக் கூடை. பதிமூணு வயசுல பேர் பதிஞ்சாங்களாம். கொழுந்து எடை குறைஞ்சா கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுருவார், பாதிச் சம்பளம்தான். கூடை நிறைஞ்சதும் நிறுவைக்கு இறங்கணும், திரும்பி ஏறணும். நான் ஷீட்ல 'டிஃபிகல்டி: மாடரேட்'னு எழுதி வச்சிருந்த சரிவு மாதிரி ஒண்ணைத்தான் அவங்க ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கியிருக்காங்க. அதுவும் வெறுங்காலோட. கர்ப்பமா இருந்தப்பவும்.

அம்மாச்சியோட தாத்தா சாத்தூர்ப் பக்கத்து ஆளு. பஞ்சத்துல கங்காணி கூடப் போனவர். அவர் காலத்துக்கும் முன்னால, காப்பித் தோட்டம் இருந்தப்ப, மன்னார்ல இறங்கிக் காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடந்தே போவாங்களாம். வழியில செத்து விழுந்தவங்களுக்குக் கணக்கே இல்லை. 1869-க்கு அப்புறம் காப்பிச் செடியை இலைநோய் தின்னுது, அந்த இடத்துல தேயிலை வந்துச்சு. 1867-ல் லூல்கந்துரவுல ஜேம்ஸ் டெய்லர் போட்ட 19 ஏக்கர்தான் ஆரம்பம். எங்க எக்ஸெல்ல லூல்கந்துர ஒரு ஃபோட்டோ ஸ்பாட்.

1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டு இவங்க எல்லாரையும் நாடில்லாதவங்களா ஆக்கிருச்சு. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டாங்க. 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். (1974-ல் அதையும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க.) நாங்க பள்ளிக்கூடத்துல இதை ரெண்டு மார்க் கேள்வியாக்கூடப் படிக்கலை. அம்மாச்சியும் தாத்தாவும் இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாங்க. 1972-ல் தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் பாட்டன் ஊரு. பாட்டன் ஊர்ல இவங்களை யாருக்கும் தெரியலை. 'சிலோன்காரவுக'ன்னு பேரு வச்சாங்க. தாத்தா லோடு வண்டி இழுத்தார். அம்மாச்சி தீப்பெட்டி ஆபீஸ்க்குப் போனாங்க. அடுத்த வருஷம் அம்மா பொறந்தாங்க. பத்து வயசுல அம்மாவும் கட்டை அடுக்கப் போனாங்க. (எங்க ஊர்ல தீப்பெட்டி, பட்டாசு ஃபேக்டரி எல்லாமே 'ஆபீஸ்'தான். நான் ஆபீஸ் போறேன்னு சொன்னப்ப அம்மாச்சி "படிச்சுமா?"ன்னு கேட்டது தனிக் கதை.)

இன்னொரு விஷயத்தை அன்னைக்கு ராத்திரி கடைசியாத்தான் சொன்னாங்க. அவங்களுக்கு ஒரு தங்கச்சி. மூணு வயசு இளையவங்க. தங்கச்சி புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைச்சிருச்சு, அதனால அவங்க அங்கேயே தங்கிட்டாங்க. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டம். கடுதாசி வந்துக்கிட்டு இருந்துச்சு. 1983 கலவரத்துக்கு அப்புறம் வரலை.

"தேடிப் பார்க்கவா அம்மாச்சி?"

"இருந்தா இருப்பா." அவ்வளவுதான். எந்திரிச்சுப் படுக்கப் போயிட்டாங்க.

நண்பர்கள்கிட்ட நவம்பர் வேணாம்னு சொன்னேன். செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "பாட்டி சொன்னாங்கன்னு ரிலீஸ் டேட்டை மாத்துறியா"ன்னு ஒருத்தன் ரெண்டு நாள் பேசலை. அப்புறம் நவம்பர் 28 வந்துச்சு, டிட்வா புயல். நாங்க அப்புத்தளையில இருந்திருக்க வேண்டிய வாரம். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டமெல்லாம் மண்சரிவு. இலங்கை முழுக்க 600 பேருக்கு மேல இறந்துட்டாங்க. மலையக ரயில் பாதை பல இடத்துல அறுந்து தொங்குன படம் வந்துச்சு. அம்மாச்சி டிவி முன்னால நாள் பூரா உக்காந்திருந்தாங்க. அடியில ஓடுற ஊர்ப்பேரை மட்டும் என்னைப் படிக்கச் சொன்னாங்க. நான் ஃபோன்ல படிச்சேன். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில லயத்து வீடுகள் அப்படியே புதைஞ்சப்பவும் இப்படித்தான் உக்காந்திருந்தாங்களாம். அப்ப நான் பிளஸ் டூ. ஃபிசிக்ஸ் டெஸ்ட் இருந்துச்சுன்னு ஞாபகம், அம்மாச்சி அழுதது ஞாபகம் இல்லை.

சரிவுல லயம் கட்டி 150 வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் அங்கேயே இருக்காங்கன்னு எனக்குக் கோவம் வந்துச்சு. வேற எங்கே போவாங்க? வீட்டு நிலம் தோட்டத்தோடது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் (இலங்கைக் காசுதான்) சம்பளம் கேட்டு வருஷக்கணக்காப் போராடி 2021-லதான் கிடைச்சது. 2024-ல் அடிப்படைச் சம்பளம் 1,350. எல்லயில நாங்க போறதா இருந்த ஜிப்லைன் ஒரு நிமிஷத்துக்கு அதைவிடப் பல மடங்கு. ஜிப்லைனை ஷீட்லேருந்து எடுத்துட்டேன். தியாகம் எல்லாம் இல்லை, எனக்கு உயரம்னா பயம், ஒரு சாக்கு கிடைச்சது :-)

புயல் முடிஞ்ச மறுவாரம் அம்மாச்சி கேட்டாங்க, "நீ எப்பத்தான் போகப் போற?" மார்ச்சுன்னேன். "நானும் வாரேன்."

அம்மா ஒரே வார்த்தையில முடிச்சாங்க. "முட்டிக்கு மருந்து போட்டுக்கிட்டுக் கக்கூஸ் போகவே ஆள் வேணும். மலையா?" அம்மா இப்பவும் பட்டாசு ஆபீஸ்ல பேக்கிங் பாக்குறாங்க. தீபாவளி முடிஞ்சு கொஞ்ச வாரம் மூடியிருக்கும்போதுதான் லீவு. மத்த நாள் போகலைன்னா கூலி கிடையாது. "எத்தனை நாள் கூலியோ அதை நான் தந்துர்றேன்மா, கூட வாங்க"ன்னேன். பெரிய தப்பு. "எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறதுக்கு நீ எனக்குக் கூலி குடுப்பியா?"ன்னாங்க. மூணு நாள் பேச்சு கிடையாது. நாலாவது நாள் சோறு போடும்போது, "பங்குனிப் பொங்கலுக்கு முந்தி திரும்பிரணும்"னாங்க. அது சம்மதம்னு புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

அம்மாச்சிக்கு பாஸ்போர்ட் எடுக்கணும். ஆன்லைன் ஃபாரத்துல ஒரு கேள்வி வரும், இந்தியக் குடியுரிமை எதன் மூலம்னு. பிறப்பு, வம்சாவளி, பதிவுன்னு ஒரு பட்டியல். எனக்கு எடுத்தப்ப யோசிக்காமலே 'பிறப்பு'ன்னு தட்டிட்டுப் போயிட்டேன். அம்மாச்சிக்கு அங்கே நின்னுட்டேன். தகரப் பெட்டியைத் திறந்தாங்க. தாத்தா செத்தப்ப வந்த மாலைப் படம், ரேஷன் கார்டு, அதுக்கு அடியில ஒரு மஞ்சப்பை, அதுக்குள்ள பழைய இந்திய பாஸ்போர்ட். கண்டியில குடுத்தது. பிறந்த இடம் பண்டாரவளை. இந்தியாவில் போகும் இடம்: சாத்தூர் தாலுகா, ராமநாதபுரம் ஜில்லா. (விருதுநகர் தனி மாவட்டமா ஆனது 1985-லதானே.) ஃபோட்டோவுல தாத்தா முறைக்கிறார், அம்மாச்சி 25 வயசுல எங்கேயோ பார்க்குறாங்க. 'பதிவு'ன்னு தட்டினேன். நாடே இல்லைன்னு ஒரு சட்டம் சொல்லி, இந்த நாடுன்னு இன்னொரு ஒப்பந்தம் சொல்லி, இப்ப ஒரு டிராப் டவுன்ல வந்து நிக்குது.

விண்ணப்பம் போட்டாச்சு. போலீஸ் வெரிஃபிகேஷனும் முடிஞ்சது. வந்த ஏட்டு, "எதுக்கு பாட்டி இந்த வயசுல பாஸ்போர்ட்டு?"ன்னு கேட்டார். "ஒரு சோலி கெடக்குய்யா"ன்னாங்க.

இப்போதைய பிளான் இதுதான். நண்பர்கள் மூணு பேரும் முதல்ல கிளம்பி ராஃப்டிங், சிவனொளிபாதம் முடிச்சுட்டு வர்றாங்க. நான் அதுல கிடையாது. (பௌர்ணமி, சனி ஞாயிறு வேணாம்னு சொல்லியிருக்கேன். கூட்டத்துல படியில நின்னே விடிஞ்சிரும்.) நான் அம்மா, அம்மாச்சியோட மதுரையிலேருந்து கொழும்பு, அங்கேருந்து வேன்ல அப்புத்தளை. ரயிலை நம்பி பிளான் போடலை. நீங்க போறதா இருந்தாலும் எந்த ஊர் வரைக்கும் ஓடுதுன்னு பார்த்துட்டுப் போங்க, விசா விதியும் அப்பப்ப மாறுது, அதையும். எந்தத் தோட்டத்துப் பாதை திறந்திருக்குன்னு அந்தந்த ஊர்லயே கேட்டுக்கணும். அப்புத்தளையில நாலு நாள் தங்கல். அதுல ஒரு காலை மட்டும் நாங்க நாலு பேரும் தம்பேதென்னை ஃபேக்டரியிலேருந்து லிப்டன் சீட் வரைக்கும் 7 கிலோமீட்டர் நடக்குறோம், அம்மாச்சி ஆட்டோவுல மேல வந்து சேர்ந்துக்குவாங்க. பேசாம இருந்த நண்பன்தான் இப்ப ஆட்டோ, வீல்சேர் எல்லாம் விசாரிச்சுக்கிட்டிருக்கான். மிச்ச மூணு நாளுக்கு ஷீட்ல எதுவும் எழுதலை. தங்கச்சி இருந்த தோட்டத்துப் பேரை நான் குறிச்சு வச்சிருக்கேன். அம்மாச்சி அதைப் பத்தி இன்னும் வாயைத் திறக்கலை, நானும் கேட்கலை.

நேத்து ஊருக்கு ஃபோன் பண்ணினப்ப ட்ரெக்கிங் ஷூ வாங்கினதைச் சொன்னேன். விலையைக் கேட்டுத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டலை. "எனக்கும் ஒரு சப்பாத்து வாங்கிட்டு வா"ன்னாங்க. அவங்க செருப்பு தவிர எதுவும் போட்டு நான் பார்த்ததே இல்லை. சைஸ் தெரியலை. தினத்தந்தி மேல காலை வச்சுப் பேனாவால சுத்தி வரைஞ்சு ஃபோட்டோ அனுப்புங்கன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.